இற்செறிப்பும் வாயில் மறுத்தலும்

1

2020 ஜனவரி 18 அன்று ஜம்மு காஷ்மீர் நிர்வாகம் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன் பின்னிணைப்பில் 153 இணையதளங்களின் பெயர்கள் இருந்தன. வங்கிகள், பயணச்சீட்டு, பல்கலைக்கழகங்கள், வேலைவாய்ப்பு, மின்னஞ்சல், திரைப்படமும் தொடர்களும் பார்க்கும் தளங்கள். அந்த முதல் பட்டியலில் செய்தித் தளங்கள் இல்லை. சமூக ஊடகம் ஒன்றுகூட இல்லை. பட்டியலில் இருப்பதைப் பார்க்கலாம், இல்லாத எதையும் பார்க்க முடியாது. ஆறு நாள் கழித்து எண்ணிக்கை 301 ஆயிற்று. பிறகும் வளர்ந்தது.

அதற்கு முன் அங்கே என்ன இருந்தது? ஒன்றுமில்லை. 2019 ஆகஸ்ட் 5 முதல் தொலைபேசி, கைபேசி, இணையம் எல்லாம் அணைக்கப்பட்டிருந்தன. தொலைபேசிகள் மெல்ல மெல்லத் திரும்பின. இணையம் திரும்பவில்லை. தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் மின்னஞ்சல் பார்க்கவும் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் இளைஞர்கள் ரயிலேறி, மலைச் சுரங்கம் கடந்து, பனிஹால் வரை போய்வந்தார்கள். அந்த ரயிலுக்கு ‘இன்டர்நெட் எக்ஸ்பிரஸ்’ என்றே பெயர் வந்துவிட்டது. 2020 மார்ச் 4 அன்று பட்டியல் விலக்கப்பட்டது. ஆனால் 4ஜி முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரி 5 அன்றுதான். பதினெட்டு மாதங்கள்.

அந்தப் பட்டியல் வந்தபோது பலர் நிம்மதியோடு ஒரு வாக்கியம் சொன்னார்கள்: “ஒன்றுமே இல்லாததற்கு இதுவாவது கிடைத்ததே.” இந்தக் கட்டுரை அந்த ‘இதுவாவது’ என்ற சொல்லைப் பற்றியது. பெண்களாகிய நமக்கு அது பழகிய சொல். படிக்க வைக்கிறார்களே, அதுவாவது. வேலைக்கு அனுப்புகிறார்களே, அதுவாவது. கைபேசி வாங்கித் தந்திருக்கிறானே, அதுவாவது. ஒன்றுமில்லாமையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பட்டியலும் கருணையாகத்தான் தெரியும். முழு இருளைவிட, அளந்து கொடுக்கப்படும் வெளிச்சம் அறத்தில் மேலானதா? இதுதான் கேள்வி.

2

ஒரு நாடு தனக்கென்று ஒரு வலையை உள்ளேயே கட்டிக்கொண்டு, உலக வலைக்குச் செல்லும் கதவைத் தன் கையில் வைத்துக்கொள்வது கற்பனை அல்ல. வட கொரியாவில் சாதாரண மக்களுக்கு இணையம் என்பதே கிடையாது. ‘குவாங்மியோங்’ என்ற உள்நாட்டு வலை மட்டும் உண்டு. ரஷ்யாவில் ‘இறையாண்மை இணையம்’ என்று அழைக்கப்படும் சட்டம் 2019 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மியான்மரில் 2021 இராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு அனுமதிப் பட்டியல் முறை வந்தது. ஈரான் பல ஆண்டுகளாகத் ‘தேசியத் தகவல் வலை’ என்ற ஒன்றைக் கட்டிவருகிறது.

இவற்றுள் ஈரானின் கதையை நாம் கூர்ந்து படிக்க வேண்டும். 2019 நவம்பரில் எரிபொருள் விலை உயர்வை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தபோது, ஏறத்தாழ ஒரு வாரம் நாட்டின் இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டது. அந்த நாட்களில் 300க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் பின்னர் ஆவணப்படுத்தியது. ஆனால் அந்த வாரத்திலும் உள்நாட்டு வலையில் வங்கிகள் இயங்கின. உள்ளூர்ச் செயலிகள் இயங்கின.

இங்கேதான் இந்தக் கட்டுமானத்தின் சூட்சுமம் இருக்கிறது. இணையத்தை முழுக்க அணைத்தால் அரசுக்கும் இழப்பு. பணப் பரிவர்த்தனை நிற்கும், மருத்துவமனை திணறும், வணிகர் கூச்சலிடுவர், அரசு அலுவலகமே முடங்கும். அந்த இழப்புதான் ஆட்சியாளரின் கையைச் சற்றுத் தடுத்துவைத்திருந்தது. உள்நாட்டு வலை அந்தத் தடையை நீக்கிவிடுகிறது. சந்தை ஓடும், சம்பளம் வரும், படம் ஓடும். சாட்சி சொல்லும் குரல் மட்டும் நின்றுபோகும். மற்றவர்களின் சௌகரியம் குலையாமல் சிலரை ஊமையாக்க முடிந்தால், ஊமையாக்குவது மலிவாகிவிடுகிறது. மலிவானது அடிக்கடி நடக்கும்.

2022 செப்டம்பர் 16 அன்று, தலைமுக்காட்டை முறையாக அணியவில்லை என்று ஒழுக்கக் காவலர்களால் பிடிக்கப்பட்ட 22 வயது மஹ்சா ஜீனா அமினி டெஹ்ரானில் இறந்தார். பெண்கள் முக்காட்டைக் கழற்றித் தீயிலிட்டார்கள். கூந்தலை வெட்டினார்கள். அந்த வாரங்களில் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் தடுக்கப்பட்டன. மாலை தொடங்கி இரவு வரை கைபேசி இணையம் அடிக்கடி துண்டிக்கப்பட்டது. தலைமயிரை எவ்வளவு மூடவேண்டும் என்று தீர்மானித்த அதே அதிகாரம்தான், அந்தத் தலைக்குள்ளிருந்து வரும் சொல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் தீர்மானித்தது. துணியும் வலையும் அங்கே ஒரே சட்டத்தின் இரு பக்கங்கள்.

3

தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயர் தெரியும். அகப்பாடல்களின் இலக்கணத்தில் அதற்கு ‘இற்செறிப்பு’ என்று பெயர். தலைவியின் நடத்தையில் ஐயம் கொண்ட தாய் அவளை வீட்டுக்குள்ளேயே வைத்துக் காப்பது. குறிஞ்சித் திணையில் இது திரும்பத் திரும்ப வரும். தினைப்புனம் காக்கப் போன பெண்ணுக்குக் கிளி விரட்டும் அந்தப் பரண் ஒரு திறந்த வெளி. அங்கே அவள் அறியாத ஒருவனைப் பார்க்க முடிந்தது. கதிர் முற்றி அறுவடை முடிந்தால் அந்த வெளியும் முடிந்தது. இனி வீடு.

இற்செறிக்கப்பட்ட பெண்ணைப் பட்டினி போட்டார்களா? இல்லை. அவளுக்குச் சோறு உண்டு, பூ உண்டு, தாயின் அன்பும் உண்டு. குறை சொல்ல ஒன்றும் இல்லாத சிறை அது. 153 தளங்களின் பட்டியல் அந்த வீட்டைப் போன்றது.

சங்கப் புலவர்கள் பாவையைப் பாடிய கொல்லிமலையில் இன்று தினை குறைந்து மரவள்ளி பெருகிவிட்டது. ஆனால் இற்செறிப்பு குறையவில்லை. செம்மேட்டை அடுத்த வாசலூர்பட்டிக்குப் போனால், எந்த மேட்டில் நின்றால் சிக்னல் கிடைக்கும், எந்த வளைவில் திரும்பினால் போய்விடும் என்று சிறுவர்கள் கைகாட்டுவார்கள். அந்த மேட்டில் நின்று பேசுபவர்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஆண்கள். இருட்டிய பின் ஒரு பெண் அங்கே தனியாகப் போய் நிற்க முடியாது. நின்றால் அடுத்த நாள் ஊருக்கே தெரியும். அலர் என்று பழைய இலக்கணம் சொன்னது இதைத்தான்.

என்னிடம் படித்த மலைப் பெண் ஒருத்தி ஒருமுறை சொன்னாள்: “போன் அண்ணனுதுங்கம்மா. ராத்திரி அரைமணி நேரம் தருவாங்க. தேடுனதையெல்லாம் அழிச்சுட்டுத்தாங்கம்மா திருப்பிக் குடுப்பேன்.” என்ன தேடினாய் என்று கேட்டேன். மாதவிலக்கு இரண்டு மாதமாக வரவில்லை, ஏன் வரவில்லை என்று தேடினாளாம். வேறொன்றுமில்லை. அவள் கைபேசியில் எந்த அரசும் எதையும் தடுத்திருக்கவில்லை. ஆனாலும் அவளுக்குள் ஒரு பட்டியல் இருந்தது. தணிக்கை அதிகாரி அவளேதான்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இந்திய ஆண்களில் 57.1 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். பெண்களில் 33.3 விழுக்காடு. தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கும் குறைவானவர்களே ஆம் என்றார்கள். ஒரு நாடு முழுவதும் அடைபட்ட வலைக்குள் போவதைப் பற்றி நாம் கவலைப்படும்போது, நாட்டின் பாதிப் பேர் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பட்டியல் என்பதன் இயல்பை இங்கே பார்க்கலாம். தடைப்பட்டியல் ஒன்று, அனுமதிப் பட்டியல் இன்னொன்று. தடைப்பட்டியலில் கூடாதவற்றின் பெயர் இருக்கும். மற்றதெல்லாம் நம்முடையது. தடை செய்தவர் பெயரைச் சொல்லித் தடை செய்திருப்பதால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம், கேள்வி கேட்கலாம். அனுமதிப் பட்டியலில் இது தலைகீழாகிறது. பெயர் இல்லாத அனைத்தும் தடை. யாரும் யோசித்துத் தடுக்காதவையும் தடை. இன்னும் எழுதப்படாதவையும் தடை.

பட்டியல் போடுபவர் தனக்குத் தெரிந்ததை மட்டுமே அதில் எழுத முடியும். ஆனால் தேடல் என்பது தெரியாததை நோக்கிப் போவது. கணவனின் வன்முறைக்கு ஒரு சட்டப்பெயர் உண்டு என்று அறியாத பெண்ணும், தன் உடலின் நோவுக்கு ஒரு மருத்துவப்பெயர் உண்டு என்று அறியாத பெண்ணும், தன்னைப் போலவே பெண்ணை விரும்பும் பெண்கள் உலகில் உண்டு என்று அறியாதவளும் எதைக் கேட்டு அனுமதி வாங்குவார்கள்? பெயர் தெரியாததை அனுமதிக்கச் சொல்லி மனுப் போட முடியாது. ஆகவே அனுமதிப் பட்டியல் அதிகம் பாதிப்பது, ஏற்கெனவே சொற்கள் உடையவர்களை அல்ல, சொற்களைத் தேடிக்கொண்டிருப்பவர்களை. வரலாற்றில் அந்த இடத்தில் நாம்தான் நிற்கிறோம்.

பட்டியலைப் போடுபவரின் கண்ணையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தபோது, ஒரு சொல்லுக்காகத் தமிழ்ச்சூழல் எவ்வளவு கொதித்தது என்பது நமக்குத் தெரியும். அந்தக் கொதிப்பைக் கணினியின் வடிகட்டியில் ஏற்றினால், கவிதையோடு மார்பகப் புற்றுநோய் பற்றிய தமிழ்க் கட்டுரையும் சேர்ந்து மறைந்துபோகும். துவரங்குறிச்சியில் பருவமெய்தியதும் பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருந்த ஒரு பெண் ஒளித்து ஒளித்து எழுதி, ‘சல்மா’ என்ற புனைபெயருக்குள் பத்திரமாக நின்று வெளியே வந்தார். அவர் எழுதியது எந்த அனுமதிப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்காது. அது வெளியே வந்ததால் தமிழுக்கு ஒரு கவிஞர் கிடைத்தார். வெளிவராமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை. பட்டியலின் கொடுமையே இதுதான். அது அழித்தவற்றுக்குத் தடயம் இருக்காது.

4

இனி எதிர்வாதத்தைக் கேட்போம். அதைப் பெண்களே சொல்கிறார்கள், வலியோடு சொல்கிறார்கள். ஆகவே எளிதில் தள்ளிவிடக் கூடாது.

2019 பிப்ரவரியில் பொள்ளாச்சி வெளியே வந்தது. நட்பாகப் பேசி, அழைத்துச் சென்று, வன்கொடுமை செய்து, காணொளி எடுத்து மிரட்டிய ஒரு கூட்டம். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. 2018 மே மாதம் போளூருக்கு அருகே, குலதெய்வத்தைக் கும்பிட வந்த சென்னைப் பெண்மணி ஒருவர், குழந்தை கடத்துபவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் அடித்தே கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டின் முதல் நாளில் ‘புல்லி பாய்’ என்ற செயலி முஸ்லிம் பெண்களின் படங்களை ஏலத்துக்கு வைப்பதுபோல் வெளியிட்டது. திறந்த வலை பெண்ணுக்கு நல்லிடம் என்று யாரும் பாடம் நடத்த முடியாது. அப்படியானால் வேலி நல்லதுதானே?

பொள்ளாச்சிக்குப் பிறகு தமிழ்நாட்டு வீடுகளில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கைபேசி பறிக்கப்பட்டது யாரிடமிருந்து? மகன்களிடமிருந்தா? மகள்கள்தான் முகநூலை விட்டு வெளியேறினார்கள். முகப்புப் படத்தில் முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ வைத்தார்கள். குற்றம் செய்தவன் ஆண், வேலி விழுந்தது பெண்ணைச் சுற்றி. பாதுகாப்பு என்ற பெயரில் ஒன்று வரும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: யாருடைய கையைக் கட்டுகிறது?

கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மாணவிகள் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்று விதி இருந்தது. ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி அதை ஏற்கவில்லை. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். வழக்குத் தொடுத்தார். 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர்நீதிமன்ற நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்தார். அன்று காஷ்மீர் இருண்டு ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

2020 ஜனவரி 10 அன்று உச்சநீதிமன்றம் காஷ்மீர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவரும் ஒரு பெண்தான்: காஷ்மீர் டைம்ஸ் ஆசிரியர் அனுராதா பாசின். இணையம் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியல் சாசனப் பாதுகாப்புக்கு உரியவை, காலவரையறையற்ற முடக்கம் செல்லாது, ஆணைகளை வெளியிட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் இணையத்தை அணுகுவதே அடிப்படை உரிமையா என்ற கேள்விக்குள் அது போகவில்லை. எட்டு நாள் கழித்து 153 பெயர்கள் வந்தன. ஒரு விடுதி மாணவி எழுப்பிய கேள்விக்குக் கிடைத்த பதில், ஒரு பள்ளத்தாக்கின் மக்களுக்குக் கிடைக்கவில்லை. விடுதிக் காப்பாளரின் 6 மணி விதியும் உள்துறைச் செயலரின் பட்டியலும் ஒரே தர்க்கம் என்று நாம் சொன்னால் மிகைப்படுத்துவதாகச் சிலர் சொல்வார்கள். அளவு வேறு, உண்மை. ஆனால் இரண்டிலும் ‘உன் நன்மை எனக்குத் தெரியும்’ என்பதே முதல் வரி.

5

வேலி காக்குமா என்பதை மணிப்பூர் நமக்குச் சொல்லிவிட்டது. 2023 மே 3 அன்று அங்கே இனவன்முறை தொடங்கியதும் கைபேசி இணையம் நிறுத்தப்பட்டது. மறுநாள், மே 4 அன்று, குக்கி இனப் பெண்கள் இருவரை ஆடைகளைந்து ஊர்வலமாக இழுத்துச் சென்றது ஒரு கும்பல். அந்தக் காணொளி வெளியே வந்தது ஜூலை 19 அன்று. நடுவில் 76 நாட்கள். காவல்துறையில் புகார் மே மாதமே பதிவாகியிருந்தது. ஆனால் நாடு அதிர்ந்ததும் கைதுகள் தொடங்கியதும் காணொளி வெளியே வந்த பிறகுதான். வதந்தியைத் தடுக்க இணையத்தை நிறுத்தினோம் என்றார்கள். வதந்தி வாய்வழியாகவும் பரவும். அதை மறுக்கும் ஆதாரமும், உதவி கேட்கும் குரலும்தான் வாய்வழியாக நெடுந்தூரம் போக முடியாதவை.

ஜூலை 25 அன்று மணிப்பூரில் கம்பிவழி இணையம் மட்டும் நிபந்தனைகளோடு திரும்பியது. வைஃபை கூடாது, சமூக ஊடகங்கள் கூடாது, விபிஎன் கூடாது. மீண்டும் ஒரு ‘இதுவாவது’.

இங்கே ஒரு முள் இருக்கிறது, அதையும் தொட்டாக வேண்டும். அந்தக் காணொளி பரவியதும் அந்தப் பெண்களுக்கு இன்னொரு வன்முறைதான். சாட்சியாக இருந்த அதே வலை, வேடிக்கைக்கூட்டமாகவும் இருந்தது. இதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று தெளிவு. அந்தக் காட்சியைப் பரப்பலாமா, முகத்தை மறைக்கலாமா, எப்போது பேசலாம் என்பதையெல்லாம் முடிவு செய்யும் உரிமை அந்தப் பெண்களுக்கு இருந்திருக்க வேண்டும். இணையத்தை நிறுத்தியவர்களும் அதை அவர்களுக்குத் தரவில்லை, பரப்பியவர்களும் தரவில்லை.

நமக்கும் இது தூரத்துக் கதை அல்ல. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. 13 பேர் இறந்தனர். அவர்களில் ஒருத்தி 17 வயது ஸ்னோலின். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. என்ன நடந்தது என்று அரசு அமைத்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2022 அக்டோபரில். சாட்சியங்கள் சூடாக இருக்கும்போது பேச முடியாமல் போன அந்த நாட்களின் விலையை யார் கணக்கிடுவது?

இவற்றுக்கெல்லாம் சட்ட அடிப்படையாக இருந்தது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும், அதன்கீழ் 2017 ஆகஸ்டில் வகுக்கப்பட்ட விதிகளும். பிறகு 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. முடக்கும் அதிகாரம் அதிலும் பத்திரமாக இருக்கிறது. உலகில் மிக அதிக முறை இணையத்தை முடக்கிய நாடுகளின் கணக்கில் 2018 முதல் 2023 வரை ஆறு ஆண்டுகளும் இந்தியாவே முதலிடத்தில் இருந்தது என்று ‘அக்சஸ் நவ்’ அமைப்பு பதிவு செய்கிறது. ஒருபுறம் தேசிய வலை வேண்டாம் என்று பேசிக்கொண்டே, மாவட்டம் மாவட்டமாக அதை ஒத்திகை பார்க்கிற நாடு இது.

6

இதன் மறுபக்கத்தைக் காண மீண்டும் மலைக்கே வருவோம். அரசுக்கு மலைப் பெண் வலையில் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். மிகவும் வேண்டும். நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்கள் காலையிலும் பிற்பகலிலும் வரிசையாக நின்று படம் பிடிக்கப்பட்டு, செயலியில் வருகை பதிய வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சிக்னல் ஒளிந்து விளையாடும் மலையூர்களில் அந்தச் செயலி படுத்திய பாட்டைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். ரேஷனுக்குக் கைரேகை. உரிமைத்தொகை வந்ததற்குக் குறுஞ்செய்தி. வங்கிக்கு ஓடிபி.

ஆக, அவள் எண்ணப்படுவதற்கு வலை உண்டு. அவள் பேசுவதற்கு வலை தேவை என்று யாரும் நினைப்பதில்லை. அவளைப் பற்றிய தகவல் மலையிறங்கி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு நொடியில் கடந்து தலைநகருக்குப் போகிறது. அவளுடைய கேள்வி அந்த வழியாகப் போவதில்லை. அரசு கட்டும் மூடிய வலையின் முழு வடிவம் இதுதான்: மேல்நோக்கித் தரவு, கீழ்நோக்கி அறிவிப்பு. பக்கவாட்டில் ஒன்றுமில்லை. வாசலூர்பட்டிப் பெண்ணும் மணிப்பூர்ப் பெண்ணும் டெஹ்ரான் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்தப் பக்கவாட்டுப் பாதைதான் எல்லா அதிகாரங்களுக்கும் முதலில் உறுத்துகிறது.

சீனத்தில் 2018 பெண்கள் தினத்தையொட்டி ‘பெண்ணியக் குரல்கள்’ என்ற வெய்போ கணக்கு மூடப்பட்டது. ‘மீ டூ’ என்ற சொற்கள் தடுக்கப்பட்டபோது, பெண்கள் ஒரு கிண்ணம் சோறும் ஒரு முயலும் படமாகப் போட்டார்கள். சீன மொழியில் ‘மி’ என்றால் அரிசி, ‘து’ என்றால் முயல். இந்தச் சாதுரியத்தை நாம் மெச்சுகிறோம். ஆனால் தனக்கு நேர்ந்த வன்கொடுமையைச் சொல்ல ஒருத்தி முயலை வரைய வேண்டியிருப்பதை மெச்ச முடியாது.

7

இன்னொரு எதிர்வாதம் இடதுசாரித் தோழர்களிடமிருந்து வரும். இப்போதிருக்கும் ‘உலக இணையம்’ யாருடையது? சில அமெரிக்க நிறுவனங்களுடையது. நம் முகங்களையும் ஆசைகளையும் விற்றுப் பிழைப்பவை அவை. நம் மொழியில் வரும் பாலியல் வசையைப் பற்றிப் புகார் செய்தால் அவற்றுக்குப் புரிவதுகூட இல்லை. அவர்களின் பிடியிலிருந்து விடுபட நமக்கென்று ஒரு வலை இருப்பது காலனிய எதிர்ப்பு அல்லவா?

நமக்கென்று கட்டமைப்புகள் வேண்டும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு. நம் மொழியில், நம் பொதுப்பணத்தில், இலாபநோக்கமற்ற வலைகள் வேண்டும். மூடிய வலை என்பதாலேயே அது தீதும் அல்ல. ஒரு மருத்துவமனை நோயாளிகளின் குறிப்புகளை உள்வலையில் வைத்துக் காக்கிறது. வன்முறைக்கு ஆளான பெண்கள் தங்களுக்குள் மட்டும் பேச ஒரு குழு வைத்துக்கொள்கிறார்கள், வெளியாளை விடமாட்டார்கள். அவை தேவை. ஆனால் காலனியனிடமிருந்து விடுபட்ட வீட்டில் பெண்ணுக்கு என்ன இடம் என்ற பழைய கேள்வி இன்னும் தீரவில்லை. ‘நம்முடையது’ என்று சொல்லும்போது அந்த ‘நாம்’ யார்? நிறுவனத்தின் கையிலிருந்த சாவி மாமனாரின் கைக்கு மாறினால் அதற்குப் பெயர் விடுதலை அல்ல.

8

அப்படியானால் நல்ல அடைப்பையும் தீய அடைப்பையும் எப்படிப் பிரிப்பது? அகஇலக்கணத்திடமே கேட்கிறேன்.

தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே தூது செல்வோரை அந்த இலக்கணம் ‘வாயில்கள்’ என்கிறது. தோழி, பாணன், விறலி, விருந்தினர் எனப் பலர். மனிதர்களையே கதவு என்று அழைத்த மொழி நம்முடையது. பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவன் அந்த வாயில்களை அனுப்புகிறான். தலைவியோ தோழியோ உள்ளே விட மறுக்கிறார்கள். இதற்கு ‘வாயில் மறுத்தல்’ என்று பெயர். இது மருதத் திணையின் துறை.

இற்செறிப்பிலும் கதவு மூடுகிறது. வாயில் மறுத்தலிலும் கதவு மூடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியலாம். ஆனால் ஒன்றில் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. மற்றதில் தாழ்ப்பாள் அவள் கையில் இருக்கிறது. அவள் யாரை மறுக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். ஏன் என்று சொல்லத் தெரியும். நாளை மனம் மாறினால் திறக்கவும் தெரியும். தன்னைத் துன்புறுத்துபவனை ஒரு பெண் தன் கைபேசியில் தடுத்துவைப்பது வாயில் மறுத்தல். அவளுக்காக என்று சொல்லி அவளைக் கேட்காமல் உலகத்தைத் தடுத்துவைப்பது இற்செறிப்பு. முன்னது எவ்வளவு வலுப்பட வேண்டுமோ அவ்வளவு வலுப்பட வேண்டும். புகார் கொடுத்தால் விரைந்து நீக்கும் முறை, தமிழ் தெரிந்த மனிதர்கள், குற்றவாளியைத் தேடிப் பிடிக்கும் காவல்துறை, பொள்ளாச்சிக்கு ஆனதுபோல் ஆறு ஆண்டுகள் ஆகாத நீதி. இவை இல்லாத இடத்தில்தான் வேலி ஒரு தீர்வாக வேடம் போடுகிறது.

ஆகவே எந்த அடைப்பைப் பற்றியும், அது வீட்டுடையதோ விடுதியுடையதோ அரசுடையதோ நிறுவனத்துடையதோ, நாம் நான்கு கேள்விகள் கேட்கலாம். உள்ளே இருப்பவளைக் கேட்டுத்தான் மூடினார்களா? எவை மூடப்பட்டன, யார் மூடினார்கள் என்று அவளுக்குத் தெரியுமா? திறக்கச் சொல்லும் வழி அவளிடம் உண்டா? மூடியவருக்கும் அதே கதவு மூடியிருக்கிறதா? நான்காவது கேள்வி முக்கியம். மக்கள் பட்டியலுக்குள் இருக்க, பட்டியல் போட்டவர்கள் முழு உலகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால், அது பாதுகாப்பு ஏற்பாடு அல்ல. தான் தின்னும் சோற்றை மற்றவருக்கு நஞ்சு என்று சொல்பவரை நம்ப வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் மாணவிகள் பலர் விடுதிகளில் இருப்பீர்கள். கைபேசி ஒப்படைக்கும் நேரம், வைஃபை நிறுத்தும் நேரம், தடுக்கப்பட்ட தளங்கள் எல்லாம் உங்களுக்கும் இருக்கும். ஈரானையும் காஷ்மீரையும் பற்றிக் கருத்தரங்கில் பேசுவதற்கு முன், உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் விதியை எடுத்து இந்த நான்கு கேள்விகளையும் அதன்முன் வைத்துப் பாருங்கள். ஆண்கள் விடுதியின் அறிவிப்புப் பலகையில் என்ன ஒட்டியிருக்கிறது என்றும் போய்ப் படித்துவிட்டு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, முதல்வரிடம் கொடுங்கள். காஷ்மீர் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னவற்றில் ஒன்று, முடக்கும் ஆணையை மறைக்காமல் வெளியிட வேண்டும் என்பது. விடுதிக்கும் அது பொருந்தும். விதி யார் பெயரில், எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காகப் போடப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள்.